தலைசுற்றலுக்கென்றே ஒரு கிளினிக்: அம்மாவைக் கூட்டிக்கொண்டு போய் வந்த அனுபவம்

ஏழு வாரமாக அம்மாவைப் பாடாய்ப் படுத்திய தலைசுற்றல் ஒரு கால் மணி நேரத்தில் நின்றது. ஊசி இல்லை, மாத்திரை இல்லை. கட்டிலில் படுக்க வைத்து, தலையை ஒரு கணக்காகத் திருப்பித் திருப்பி வைத்தே நிறுத்தினார்கள். நான் பக்கத்தில் நின்று பார்த்தேன், இல்லாவிட்டால் நானே நம்பியிருக்க மாட்டேன். அதனால்தான் இதை இவ்வளவு விலாவாரியாக எழுதுகிறேன். திருச்சியில் இருக்கிற கிளினிக். பெயரை வேண்டுமென்றேதான் போடவில்லை, ஒரு இடத்துக்கான விளம்பரமாக இது போய்விடக் கூடாது. எப்படிப்பட்ட இடம், அங்கே என்ன செய்தார்கள், என்ன கேட்டார்கள் என்று தெரிந்தால் உங்கள் ஊரிலேயே அதே மாதிரி ஒன்றைத் தேடிக்கொள்ளலாம்.

முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். அம்மாவுக்கு 63 வயது, புதுக்கோட்டையில் இருக்கிறார். சித்திரை மாசம் ஒரு நாள் விடிகாலை, கோலம் போட எழுந்திருக்கலாம் என்று படுக்கையில் வலப்பக்கம் புரண்டிருக்கிறார், அவ்வளவுதான், ஃபேனும் உத்தரமும் சேர்ந்து சுழன்றிருக்கின்றன. கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு கத்தியிருக்கிறார். நான் ஓடிப்போய்ப் பார்க்கும்போது சுற்றல் நின்றுவிட்டது, ஆனால் வேர்த்துக் கொட்டியது, வாந்தி. எதிர்வீட்டுப் பெரியம்மா வந்து பித்தம்தான் என்று எலுமிச்சம்பழம் பிழிந்து கொடுத்தார். அன்றைக்குச் சாயங்காலம் ஒரு டாக்டரிடம் போனோம், பிபி கொஞ்சம் கூட இருந்தது, ஊசி போட்டு மாத்திரை கொடுத்தார். நாலு நாள் கழித்து மறுபடி அதே மாதிரி. பரண் மேலே இருந்த டப்பாவை எடுக்க அண்ணாந்தபோது ஒரு தடவை, கோலப்பொடியைத் தூவிவிட்டு நிமிரும்போது ஒரு தடவை. அடுத்துப் போன இடத்தில் கழுத்தை எக்ஸ்ரே எடுத்து எலும்புத் தேய்மானம் என்று சொன்னார்கள், பட்டை போடச் சொன்னார்கள். அந்த வெயிலில் கழுத்துப் பட்டையோடு மூன்று வாரம் இருந்தார் அம்மா, தாடைக்குக் கீழே தோல் சிவந்து புண்ணாகிவிட்டது. அப்புறம் எம்ஆர்ஐ. எல்லாம் சேர்த்துப் பதினோராயிரத்துக்கு மேல் போனது. தலைசுற்றல் அப்படியே இருந்தது. மாத்திரையால் பகலெல்லாம் தூக்கக் கலக்கம் வேறு.

பணம் போனதை விட, அம்மா பயந்துபோனதுதான் எனக்குத் தாங்கவில்லை. இடப்பக்கம் மட்டுமே படுப்பார், குனிய மாட்டார், தலைக்குக் குளிக்கும்போது கண்ணை மூடப் பயந்து அக்காவைப் பக்கத்தில் நிற்கச் சொல்வார். வாசலில் கோலம் நின்றுபோனது. சொந்தக்காரர் ஒருவர்தான் இந்த இடத்தைச் சொன்னார்.

உள்ளே நுழைந்ததும் கண்ணில் பட்டது கதவில் ஒட்டியிருந்த ஒரு தாள். பெரிய எழுத்தில், தமிழில். தலைசுற்றலோடு பேச்சு குழறினால், வாய் கோணினால், ஒரு பக்கக் கை கால் இழுத்தால், எல்லாம் இரண்டிரண்டாகத் தெரிந்தால், எழுந்து நிற்கவே முடியாமல் விழுந்தால், இதுவரை வராத அளவுக்குத் திடீரென்று தலைவலி வந்தால் இங்கே காத்திருக்க வேண்டாம், உடனே 108-ஐக் கூப்பிட்டுப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள் என்று எழுதியிருந்தது. இந்த ஒரு தாளுக்காகவே அந்த இடத்தின் மேல் எனக்கு மதிப்பு வந்தது. பக்கவாதத்துக்கு அடைப்பைக் கரைக்கிற ஊசி, அறிகுறி தொடங்கி 4.5 மணி நேரத்துக்குள் போட வேண்டியது. மூளையின் பின்பக்கத்துக்குப் போகிற ரத்தக்குழாயில் அடைப்பு வந்தால் சில சமயம் கை காலெல்லாம் நன்றாக இருக்கும், சுற்றலும் தள்ளாட்டமும் மட்டும்தான் இருக்கும். அதைப் பித்தம் என்று நினைத்து வீட்டிலேயே எலுமிச்சம்பழம் பிழிந்துகொண்டு இருந்தால் நேரம் போய்விடும்.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். முதல் இருபது நிமிஷம் எந்தக் கருவியையும் அவர்கள் தொடவில்லை. ஆடியாலஜிஸ்ட், அதாவது காது கேட்கிற திறனையும் சமநிலையையும் சோதிக்கிறவர், ஒரு சின்ன வயசுப் பெண், ஸ்டூலை இழுத்துப் போட்டு அம்மா எதிரில் உட்கார்ந்து கேள்வி கேட்டுக்கொண்டே இருந்தார்.

“அம்மா, மயக்கம்னு சொல்றீங்கல்ல, அது எப்படி இருக்கும்? வீடு சுத்துதா, கண்ணு இருட்டிக்கிட்டு வருதா, இல்ல நடக்கும்போது ஒரு பக்கமா தள்ளுதா?”

“வீடே சுத்துது தாயி.”

“என்ன செஞ்சா வருது?”

“படுத்துக்கிட்டு வலப்பக்கம் பொரண்டா வருது. அண்ணாந்து பாத்தா வருது.”

“எவ்வளவு நேரம் இருக்கும்?”

“எண்ணி இருபது எண்றதுக்குள்ள நின்னுரும். அதுக்கப்புறம் கொமட்டல்தான் ரொம்ப நேரம்.”

இந்தப் பதிலை ஏழு வாரமாக அம்மாவிடமிருந்து யாரும் வாங்கவில்லை. நானும் கேட்கவில்லை. ‘தலை சுத்துது டாக்டர்’ என்று எல்லா இடத்திலும் நான்தான் முந்திக்கொண்டு பதில் சொன்னேன், அதோடு பேச்சு முடிந்து சீட்டு எழுதிவிடுவார்கள். எவ்வளவு நேரம், எது செய்தால் வருகிறது என்ற இந்த இரண்டு கேள்விகளில்தான் பாதிக்கு மேல் விஷயம் இருக்கிறது என்பதை அந்த அறையில் உட்கார்ந்துதான் தெரிந்துகொண்டேன்.

நம் ஊரில் மயக்கம் என்ற ஒரே வார்த்தையை எல்லாவற்றுக்கும் சொல்கிறோம். நினைவு தப்பி விழுவதும் மயக்கம், எழுந்ததும் கண் இருட்டுவதும் மயக்கம், பஸ்ஸில் குமட்டுவதும் மயக்கம். ஆனால் அம்மா மாதிரி ஆட்களைக் கொஞ்சம் பேச விட்டால் சரியான சொல்லைத் தானாகவே சொல்லிவிடுவார்கள். கிறுகிறுப்பு என்பார்கள், சுத்தல் என்பார்கள், தள்ளாட்டம் என்பார்கள், தலை லேசா மிதக்குது என்பார்கள். படுத்திருந்து எழுந்து நின்றால் மட்டும் கண் இருட்டுகிறது என்றால் ரத்த அழுத்தம் இறங்குகிறதா என்று பார்க்க வேண்டும். சுற்றவில்லை, நடந்தால் மட்டும் தள்ளுகிறது என்றால் கால் நரம்பு, மூளை என்று வேறு பக்கம் தேட வேண்டும். அந்தக் கிளினிக்கின் டாக்டரம்மா இன்னொன்றும் சொன்னார்: வார்த்தையை மட்டும் நம்பி முடிவு செய்யக் கூடாது, ஒரே ஆளே காலையில் சுத்தல் என்பார், மாலையில் மிதக்குது என்பார், அதனால் எவ்வளவு நேரம், எப்போது என்பதை எழுதி வையுங்கள் என்று. இந்த மாதிரி இடத்துக்குப் போகிறவர்கள் ஒரு வாரம் நோட்டில் குறித்துக்கொண்டு போனால் பெரிய உதவி.

அப்புறம் சோதனைகள். படுக்க வைத்து ஒரு பிபி, எழுப்பி நிற்க வைத்து ஒரு நிமிஷத்தில் ஒன்று, மூன்று நிமிஷத்தில் ஒன்று. மேல் எண் 20-ம் அதற்கு மேலும், அல்லது கீழ் எண் 10-ம் அதற்கு மேலும் இறங்கினால் அதுவே ஒரு காரணம். அம்மாவுக்கு இறங்கவில்லை. எந்த மாத்திரையெல்லாம் சாப்பிடுகிறார் என்று அட்டையோடு எடுத்து வரச் சொல்லியிருந்தார்கள், ஒவ்வொன்றாகப் பார்த்தார்கள். காலில் அதிர்வுக் கவை (தட்டினால் அதிர்கிற இரட்டை முனைக் கம்பி) வைத்து உணர்ச்சி இருக்கிறதா என்று பார்த்தார்கள். காது எதற்குப் பார்க்க வேண்டும் கால் எதற்குப் பார்க்க வேண்டும் என்று நான் கேட்டேன். உடம்பு நிமிர்ந்து நிற்க மூன்று இடத்திலிருந்து மூளைக்குச் சேதி போகிறது, உள்காது, கண், பாதமும் மூட்டுகளும் என்றார்கள். இதில் ஒன்று பழுதானால் மற்ற இரண்டும் கொஞ்சம் தாங்கும். எனக்கு முன்னால் காத்திருந்த ஒரு பெரியவர் பதினைந்து வருஷ சர்க்கரைக்காரர், பகலில் நன்றாக நடக்கிறார், கரண்ட் போனால் சுவரைப் பிடிக்கிறார். பாதத்தில் உணர்ச்சி குறைந்துபோய்க் கண்ணை நம்பியே நடந்துகொண்டிருந்திருக்கிறார், இருட்டில் அதுவும் இல்லை. அவருக்குத் தலையில் ஒன்றுமே இல்லை.

கடைசியில் ஒரு கண்ணாடி மாட்டினார்கள், நீச்சல் கண்ணாடி மாதிரி, ஆனால் கனமானது, உள்ளே அகச்சிவப்புக் கேமரா. வெளிச்சத்தை மூடிவிட்டாலும் கண் அசைவது எதிரில் இருக்கிற திரையில் தெரியும். விஎன்ஜி என்கிறார்கள். அம்மாவைக் கட்டிலில் உட்கார வைத்து, தலையை வலப்பக்கம் 45 டிகிரி திருப்பி, சட்டென்று பின்னால் சாய்த்து, தலை கட்டில் விளிம்புக்குக் கீழே கொஞ்சம் தொங்குகிற மாதிரி படுக்க வைத்தார்கள். இரண்டு மூன்று விநாடி ஒன்றுமில்லை. பிறகு திரையில், என் உள்ளங்கை அளவுக்குத் தெரிந்த அம்மாவின் கருவிழி மேல்நோக்கித் துள்ளத் தொடங்கியது, துள்ளுவதோடு சேர்ந்து முறுக்கிக்கொண்டும் திரும்பியது, வேகமாக, நிற்காமல். அம்மா “புடிச்சுக்க தாயி, விழுறேன்” என்று அந்தப் பெண்ணின் முழங்கையை இறுக்கிக்கொண்டார். “விழமாட்டீங்க அம்மா, நான் புடிச்சிருக்கேன், கண்ண மட்டும் மூடாதீங்க” என்று அவர் சொல்லிக்கொண்டே இருந்தார். இருபது விநாடி இருக்கும், துள்ளல் மெதுவாகி நின்றது. இடப்பக்கம் அதே மாதிரி செய்தபோது கண் அசையாமல் இருந்தது.

டிக்ஸ் ஹால்பைக் சோதனை என்று பெயர். லண்டனில் மார்கரெட் டிக்ஸ், சார்லஸ் ஹால்பைக் என்ற இருவர் 1952-ல் எழுதியது. கேமரா வசதிதான், அவசியமில்லை, பழகின டாக்டர் வெறும் கண்ணாலேயே பார்த்துவிடுவாராம். ஒரு கட்டில் போதும்.

காரணத்தை விளக்கியதுதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. மேஜையில் வளைந்த கண்ணாடிக் குழாய் ஒன்று வைத்திருந்தார்கள், உள்ளே தண்ணீர், அடியில் ஒரு சிட்டிகை வெள்ளைத் துகள். உள்காதில் தலை திரும்புவதை அறிய அரைவட்டமாக மூன்று குழல்கள் இருக்கின்றன, உள்ளே நீர். பக்கத்தில் இருக்கிற பையில் கால்சியம் கார்பனேட் துகள்கள் ஒட்டிக்கொண்டிருக்கும், சுண்ணாம்புக்கல் எதனால் ஆனதோ அதேதான். வயசானாலோ தலையில் அடிபட்டாலோ, பல பேருக்குக் காரணமே தெரியாமலோ, அந்தத் துகள்கள் கழன்று குழலுக்குள் போய்விடுகின்றன. அந்தப் பெண் குழாயைச் சாய்த்துக் காட்டினார், துகள் மெதுவாகச் சரிந்து இறங்கியது, குழாயை அசைக்காமல் நிறுத்திய பிறகும் சரிந்துகொண்டே இருந்தது. “பாருங்கம்மா, தலை நின்னுருச்சு, உள்ள இது நிக்கல. அதனால தலை இன்னும் திரும்புதுன்னு மூளைக்குச் சேதி போகுது, மூளை அதுக்கேத்த மாதிரி கண்ணத் திருப்புது, உங்களுக்கு வீடு சுத்துது. கீழ போய்ப் படிஞ்சதும் நின்னுரும்.” அம்மா குழாயைக் கையில் வாங்கிச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார். “கோலமாவு மாதிரில்ல இருக்கு” என்றார். ஏழு வாரத்தில் அம்மா பயமில்லாமல் பேசியது அப்போதுதான்.

தலையின் நிலை மாறும்போது வருகிற இந்தச் சுற்றலை ஆங்கிலத்தில் பிபிபிவி என்று சுருக்கிச் சொல்கிறார்கள். சுற்றலோடு வருகிற நோய்களில் அடிக்கடி பார்ப்பது இதுதான். உயிருக்கு ஆபத்தில்லை, ஆனால் வயசானவர்கள் விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டால் அது ஆபத்துதான்.

பிறகு வைத்தியம். எப்ளி முறை. படுத்த நிலையில் தலை வலப்பக்கம் தொங்கியிருக்கும்போதே அரை நிமிஷத்துக்கு மேல் காத்திருந்தார்கள், அப்புறம் தலையை இடப்பக்கம் திருப்பி மறுபடி காத்திருப்பு, பிறகு உடம்போடு இடப்பக்கம் ஒருக்களித்து மூக்கு தரையைப் பார்க்கிற மாதிரி, கடைசியில் அப்படியே எழுப்பி உட்கார வைத்தார்கள். குழலுக்குள் இருக்கிற துகளை, வளைவைச் சுற்றி உருட்டி, வந்த இடத்துக்கே கொண்டுபோய்ப் போடுகிற வேலை. இரண்டு தடவை செய்தார்கள். மூன்றாவது தடவை சோதித்தபோது திரையில் கண் ஆடவில்லை. அம்மா எழுந்து உட்கார்ந்து, முதலில் என்னைப் பார்த்தார், அப்புறம் மெதுவாக, ரொம்ப மெதுவாக அண்ணாந்து கூரையைப் பார்த்தார். ஃபேன் மட்டும்தான் சுற்றிக்கொண்டிருந்தது.

இதை அமெரிக்காவில் போர்ட்லண்டைச் சேர்ந்த ஜான் எப்ளி என்ற காது மருத்துவர் 1980 வாக்கிலேயே சொல்லிவிட்டார். தலையைத் திருப்பினால் நோய் போகுமா என்று சக மருத்துவர்கள் நம்பவில்லை, கட்டுரை வெளிவந்தது 1992-ல்தான். அதற்குப் பிறகும் இத்தனை வருஷம் ஆகிவிட்டது. காசே ஆகாத, கருவி வேண்டாத ஒரு வைத்தியம் இருக்கும்போது எங்கள் ஊரில் மூன்று படி ஏறி இறங்கியும் ஒருவர்கூட அம்மாவை அப்படிப் படுக்க வைத்துப் பார்க்கவில்லை என்பது எனக்கு இன்னும் ஆறவில்லை. கழுத்துத் தேய்மானம் அறுபது வயசில் எக்ஸ்ரே எடுத்தால் பெரும்பாலானோருக்குத் தெரியும். படத்தில் தெரிவதெல்லாம் காரணம் ஆகிவிடாது.

மாத்திரை விஷயமும் கேட்டேன். சுற்றலை அடக்குகிற மாத்திரைகள் முதல் இரண்டு மூன்று நாள் வாந்திக்கு உதவும், வாரக்கணக்கில் போட்டால் மூளை தானாகச் சரிசெய்துகொள்வது தாமதமாகும் என்றார் டாக்டரம்மா. அவற்றில் சின்னரைசின் மாதிரி சிலதை வயசானவர்கள் மாதக்கணக்கில் சாப்பிட்டால் கை நடுக்கம், நடை தளர்வுகூட வரலாம். அம்மாவுக்கு நிறுத்திவிட்டார். (நீங்களாக நிறுத்தாதீர்கள், உங்கள் டாக்டரிடம் கேளுங்கள்.)

காத்திருந்த இடத்தில் மற்றவர்களோடு பேசியதில், இதே தலைசுற்றல் எத்தனை விதம் என்று தெரிந்தது. ஒரு பஸ் டிரைவர், அவருக்கு ஒரு காது அடைத்துக்கொண்டு உஸ்ஸென்று இரைச்சல் வருமாம், அப்புறம் மணிக்கணக்கில் சுற்றுமாம், காதும் மந்தமாகிக்கொண்டே வருகிறது. மெனியர் நோய். உப்பைக் குறைக்கச் சொல்லியிருக்கிறார்கள், வண்டி ஓட்ட வேண்டாம் என்றும் சொல்லியிருக்கிறார்கள், வேலைக்கு என்ன செய்வது என்று அந்தக் கவலைதான் அவருக்கு. ஒரு காலேஜ் பெண்ணுக்கு ஒற்றைத் தலைவலியின் வேறு வடிவம், தலைவலி இல்லாமலேயே சுற்றல் வரும், வெளிச்சமும் சத்தமும் ஆகாது. இன்னொருவருக்குச் சளி காய்ச்சலுக்குப் பிறகு இரண்டு நாள் விடாமல் சுற்றியதாம், உள்காது நரம்பில் வீக்கம். அவருக்குக் கட்டை விரலை முகத்துக்கு நேராக நீட்டி, கண்ணை அதிலேயே வைத்துத் தலையை மட்டும் இடவலமாக ஆட்டுகிற பயிற்சி கொடுத்திருந்தார்கள், அங்கேயே உட்கார்ந்து செய்து காட்டினார். ஒவ்வொருவருக்கும் வேறு வேறு வைத்தியம். எல்லோரும் முதலில் வாங்கிச் சாப்பிட்டது ஒரே மாத்திரை.

குறையும் சொல்ல வேண்டும். கிளினிக் முதல் மாடியில் இருக்கிறது, லிஃப்ட் இல்லை. தலைசுற்றலோடு வருகிற வயசானவர்களுக்குப் படிக்கட்டு! நாங்கள் போன அன்றைக்கு ஒரு பாட்டி நாலாவது படியில் உட்கார்ந்துவிட்டார். இதைக் கட்டாயம் மாற்ற வேண்டும், டாக்டரம்மாவிடமே சொல்லிவிட்டு வந்தேன். இரண்டாவது, வரவேற்பில் இருந்தவர் எல்லாச் சோதனையும் சேர்த்து 4,500 ரூபாய்க்குப் பில் போடப் பார்த்தார். உள்ளே டாக்டரம்மாதான், காதில் வெந்நீரும் குளிர்ந்த நீரும் விடுகிற சோதனை இவருக்கு வேண்டாம் என்று அடித்துவிட்டார். (அந்தச் சோதனையைக் கண்டுபிடித்த ராபர்ட் பாரனிக்கு 1914-க்கான நோபல் பரிசு கிடைத்தபோது அவர் ரஷ்யாவில் போர்க்கைதியாக இருந்தார், இது வீட்டுக்கு வந்து தேடிப் படித்தது.) எங்களுக்கு ஆனது: டாக்டர் 600, காது கேட்கும் திறன் 500, கண்ணாடி வைத்துப் பார்த்தது 1,200, எப்ளி 500, மொத்தம் 2,800. மூன்றாவது குறை, வீட்டுக்குக் கொடுத்த தாள் முழுக்க ஆங்கிலம். கதவில் அவ்வளவு நல்ல தமிழில் எழுதத் தெரிந்தவர்களுக்கு இதையும் எழுதத் தெரியாதா? அம்மா எட்டாவது வரை படித்தவர், தமிழ் நன்றாக வாசிப்பார். நான்தான் எழுதி ஒட்டினேன். இரண்டு நாள் படுக்கவே கூடாது, உட்கார்ந்தே தூங்க வேண்டும் என்று சில இடத்தில் சொல்வார்களாம், அது தேவையில்லை, வழக்கம்போல் படுக்கலாம் என்றுதான் இதில் இருந்தது.

ஒரு வாரம் கழித்து மறுபடி போனோம், சோதனையில் ஒன்றும் இல்லை. வைட்டமின் டி குறைவாக இருந்தது, அதற்கு மருந்து கொடுத்தார்கள், குறைவாக இருக்கிறவர்களுக்கு இது திரும்பத் திரும்ப வரலாமாம். திரும்பி வந்தால் பயப்பட வேண்டாம், வந்தால் இதே வைத்தியம்தான் என்று முன்பே சொல்லியிருந்தார்கள். ஐந்தாவது மாசம் வந்தது. இந்தத் தடவை அம்மா கத்தவில்லை, என்னை எழுப்பி, “டேய், அந்தத் துகள் மறுபடி கழண்டுருச்சு, வலப்பக்கம்தான், பதினஞ்சு எண்ணுனேன்” என்றார். அன்றைக்கே போனோம், பன்னிரண்டு நிமிஷம், 1,100 ரூபாய்.

எப்ளியை வீட்டிலேயே வீடியோ பார்த்துச் செய்யலாமா என்று கேட்டதற்கு, முதல் தடவை எந்தக் காது, எந்தக் குழல் என்று பார்க்காமல் செய்ய வேண்டாம், கழுத்து, முதுகுப் பிரச்சினை இருக்கிறவர்கள் கட்டாயம் வேண்டாம் என்றார்கள். தனியார் இடத்துக்குப் போக வசதி இல்லை என்றால் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் காது மூக்கு தொண்டைப் பிரிவு ஓபி இருக்கிறது, அங்கே போய் ‘புரண்டு படுத்தால் சில விநாடி சுற்றுகிறது’ என்று இந்த வார்த்தையிலேயே சொல்லுங்கள்.

இந்த இடத்துக்கே போகிறவர்களுக்கு: காலையில் சீக்கிரம் போங்கள், பதினொரு மணிக்கு மேல் இரண்டு மணி நேரம் ஆகிறது. காலையில் லேசாகச் சாப்பிட்டுவிட்டுப் போவது நல்லது, சோதனையில் குமட்டும். மாத்திரை அட்டைகளை எடுத்துக்கொள்ளுங்கள். படிக்கட்டில் வலப்பக்கம் மட்டும்தான் கைப்பிடி இருக்கிறது, ஏறும்போது அவர்களை அந்தப் பக்கமாக விட்டு நீங்கள் ஒரு படி பின்னால் ஏறுங்கள், இறங்கும்போது ஒரு படி முன்னால் இறங்குங்கள்.